முதுகுக்குள் இரண்டு கம்பிகள்

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். நானும் என் மச்சினனும் ஜோடி. மச்சினன் என்றால் வீட்டுக்காரியின் தம்பி. கழுத்து நீளம் என்பதால் லாரி ஷெட்டில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தார்கள். இப்போது அவன் பெண்டாட்டியே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

மாடிப்படியில் பீரோ ஏற்றும்போது ஒருத்தர் மேலே நிற்பார், ஒருத்தர் கீழே நிற்பார். மேல் ஆள் வழி சொல்வார். "படி. படி. திருப்பம். இடது பக்கம் சுவர்." கீழ் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பீரோ அவர் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும். கனமெல்லாம் அவர் மேல்தான். மேல் ஆள் என்ன கேட்டாலும் கீழ் ஆள் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். "போ." விரல் சுவரில் நசுங்கினாலும் போ, கண்ணில் வியர்வை இறங்கினாலும் போ. "இரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மேல் ஆள் ஒரு நொடி கையைத் தளர்த்துவார், அந்த நொடியில் பீரோ முழுக்கக் கீழ் ஆள் நெஞ்சில் இறங்கிவிடும். பீரோவைத் தரையில் வைத்த பிறகு அம்மா அப்பா என்று கத்தலாம், திட்டலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். படியில் மட்டும் போ.

கல்யாணமான வருஷத்திலிருந்து நான் கீழ் ஆள். ஒட்டகம் உயரம், நான் அகலம். அதனால் அப்படி அமைந்தது.

ஒரு பிரிட்ஜ் இறக்கும்போது முதுகில் ஏதோ விலகியது. ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். வலிக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இடது இடுப்பில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாக உள்ளங்கால் வரை வரும். நின்றால் இருக்கும், படுத்தால் இருக்கும், உட்கார்ந்தால் தாங்காது. அதனால் நான் உட்காருவதை விட்டுவிட்டேன். பஸ்ஸில் சீட் காலியாகக் கிடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஜனங்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வீட்டில் சமையல் மேடை மேல் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிடுவேன். நான் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட வீட்டுக்காரிக்கு மனசு வரவில்லை, அவளும் நின்று சாப்பிடப் பழகினாள். "குதிரை லாயம் மாதிரி இருக்குக்கா உன் வீடு" என்பான் ஒட்டகம். ஒட்டகம் சொல்கிறது!

வலிக்கென்று தனியாக ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று தெரிந்து போனோம். அவர் பொறுமையாக விளக்கினார். வலி என்பது காலிலிருந்து தண்டுவடம் வழியாக மூளைக்குப் போகிற தகவல். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கம்பி வைத்து, அதில் சின்னதாகக் கரன்ட் விட்டால், அந்தத் தகவல் வழியிலேயே மங்கிப்போகும். சிலருக்கு வலி இருந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு மட்டும் இருக்கும். முதுகு பழையபடி ஆகிவிடாது.

"அப்போ மாமாவுக்கு வலிக்கும், ஆனா மாமாவுக்குத் தெரியாது" என்றான் ஒட்டகம். "எங்கக்கா திட்டுறப்ப அவர் இருக்காரே, அந்த மாதிரி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. "நிரந்தரமா உடனே வெச்சிருவீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை. முதலில் சோதனை. ஊசி வழியாகக் கம்பிகளை உள்ளே செலுத்தி, கரன்ட் விடும் பெட்டியை வெளியே இடுப்பில் கட்டி, ஒரு வாரம் போல வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தால், பிறகு சின்னப் பெட்டி ஒன்றைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பார்கள். குறையாவிட்டால் கம்பியை உருவிவிடுவார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆளுக்கு ஒரு சோதனைதான். இரண்டாவது தடவை கிடையாது.

"பாத்துக்கங்க" என்று வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள், ஏதோ அது என் கையில் இருப்பதைப் போல. கடைசியில் அப்படித்தான் ஆனது.

மேசையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். வயிற்றுக்கு அடியில் தலையணை. முதுகில் ஏதோ குளிர்ச்சியாகத் தடவினார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஆனால் தூங்க வைக்கவில்லை. கேள்வி கேட்க ஆள் முழித்திருக்க வேண்டுமாம். டாக்டரம்மா எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி கம்பியை மெல்ல மெல்ல மேலே தள்ளினார். கருவிக் கம்பெனியிலிருந்து வந்த பையன் ஒருவர், கல்யாண வயசு இருக்கும், கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டரோடு கால்மாட்டில் நின்றார்.

"அண்ணே, இப்ப கரன்ட் விடப் போறேன். எங்க தெரியுதுன்னு சொல்லணும்."

வலது விலாவில் எறும்பு ஊறியது.

"தெரியுதா?"

"தெரியுதுங்க."

"வலி இருக்கிற இடத்துக்கு வருதா? சரியா இருக்கா?"

எனக்குப் பின்னால் டாக்டரம்மாவின் மூச்சு கேட்டது. எக்ஸ்ரேக்காக அவர்கள் எல்லோரும் ஈயக் கவசம் மாட்டியிருந்தார்கள். அது கனம், போடும்போதே பார்த்தேன். கனத்தோடு நிற்கிறவர்களின் மூச்சு எனக்குத் தெரியும். கையில் சாமானோடு நடுவழியில் நிற்கும்போது வருகிற மூச்சு அது. யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"சரிங்க. போங்க."

போனார்கள். குறுகுறுப்பு வயிற்றுக்கு வந்தது, வலது தொடைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் போங்க என்றேன்.

"நல்லா கவர் ஆகுதாண்ணே? நிச்சயமா?"

"போங்க, போங்க."

இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் முடிந்ததில்லை என்று நர்ஸ் சொன்னார். எனக்கும் திருப்திதான். கீறல் இல்லாமல் சாமானை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கம்பி வெளியே வருகிற இடத்தில் பெரிய பிளாஸ்திரி ஒட்டி, பெட்டியை இடுப்பில் கட்டி, ரிமோட் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தூக்கக் கூடாது, குளிக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் வலி கால் வலியாகவே இருந்தது. நான் விழுங்கிவிட்ட போனுக்கு யாரோ விடாமல் கூப்பிடுகிற மாதிரி வயிறு மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. ரிமோட்டில் கூட்டினால் வயிறு இன்னும் அதிர்ந்தது. குறைத்தால் அதுவும் இல்லை, வலி மட்டும் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் வீட்டுக்காரி.

"இருக்கு."

"குறைஞ்சிருக்கா?"

"பாப்போம். இப்பத்தானே வெச்சிருக்காங்க."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் பார்ப்போம் என்றேன். கருவி எனக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பழுது கருவியிலா என் பதிலிலா என்று எனக்கே தோன்றவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்கு நம்ப முடியாமல் இருக்கலாம். ஆனால் நடந்தது அப்படித்தான்.

அடுத்த நாள் வேலை முடிந்து ஒட்டகம் பார்க்க வந்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"என்ன மாமா, பெட்டி கட்டியும் சுவர் விழுந்துராம பிடிச்சிட்டே இருக்கீங்க?"

"வலிக்குது மாப்ள."

"கரன்ட் வருதா?"

"வருது. இங்க." விலாவையும் வயிற்றையும் காட்டினேன்.

அவன் கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது. "வலி கால்ல. கரன்ட் வயித்துல. அதுவும் வலது பக்கம். மேசை மேல உங்களக் கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"போங்கன்னேன்."

ஒட்டகம் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் சிரித்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது.

வீட்டுக்காரி கரண்டியோடு வந்தாள். "ஏன்டா இப்படி இளிக்கிற?"

"அக்கா, உன் புருஷன் முதுகுல பீரோ ஏத்தியிருக்காருக்கா." அவன் விஷயத்தைச் சொன்னான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்களுக்கு நல்லது பண்ணத்தானே அவங்க கேக்கறாங்க? வலிக்கிற இடத்துல வரலன்னு சொல்ல என்ன கேடு? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"அவங்க கஷ்டப்பட்டு நின்னுட்டு இருந்தாங்க."

"நீங்க கஷ்டப்படறது கஷ்டம் இல்லையா? நான் நின்னு நின்னு சோறு திங்கறது கஷ்டம் இல்லையா? இத உருவிட்டா அப்புறம் ஒண்ணும் கிடையாது, தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் போன் பண்ண வேண்டாம் என்றேன். அத்தனை பேர் நின்று முடித்த வேலையை, தப்பான வீட்டில் இறக்கிவிட்டேன், மறுபடி ஏற்றுங்கள் என்று சொல்கிற மாதிரி இருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

காலையில் வரச் சொன்னார்கள். சின்ன அறை. சுவரில் முதுகெலும்பு படம். கம்பெனிப் பையன் கோபப்படவில்லை. ஆனால் கேட்டார். "அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களேண்ணே?"

"அவர் கீழ் ஆளுங்க" என்றாள் வீட்டுக்காரி.

பையனுக்குப் புரியவில்லை. ஒட்டகம் எழுந்து நின்று, இல்லாத பீரோவைப் பிடித்து நடந்து காட்டி விளக்கினான். பையன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார், ரெண்டு கம்பி, ஒவ்வொன்றிலும் எட்டுப் புள்ளி, எந்தப் புள்ளியிலிருந்து கரன்ட் விடுவது என்று வெளியே இருந்தே மாற்றலாம். கம்பி நகராமல் இருந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். "ஆனா எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதுண்ணே. கண்ணக் கட்டிட்டு நடக்கிற மாதிரிதான். நீங்க சொன்னாத்தான் உண்டு."

"கேட்டீங்களா மாமா?" என்றான் ஒட்டகம். "இங்க இவர்தான் கீழ் ஆள். பீரோ இவர் மூஞ்சிய மறைச்சிருக்கு. நீங்க மேல நிக்கறீங்க. வழி சொல்லுங்க."

நான் மேல் ஆளாக நின்றதே இல்லை. பையன் விரலால் ஏதோ தொட்டார். விலா அதிர்ந்தது.

"கொஞ்சம்..." என்றேன்.

"கொஞ்சம்னா எந்தப் பக்கம் கொஞ்சம்?" என்று ஒட்டகம் கத்தினான். "அவரு சுவத்துல இடிக்கப் போறாரு மாமா!"

"இடது."

இடது பக்கம் வந்தது.

"இன்னும் இடது. கீழ. கீழ. நில்லுங்க. தாண்டிட்டீங்க. பின்னால வாங்க. இன்னும் கொஞ்சம். அங்கதான். இல்ல, போயிடுச்சு."

ஒட்டகம் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். அரை நாள் ஆனது. இடுப்பு கிடைத்தது. தொடை கிடைத்தது. கெண்டைக்கால் கிடைத்தபோது நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். பாக்கெட்டில் சாவியைத் தேடுகிற மாதிரி காலுக்குள் வலியைத் தேடிப் பார்த்தேன். அங்கே குறுகுறுப்பு இருந்தது, வலி ஏதோ பக்கத்து வீட்டில் இருந்தது.

"என்னாச்சு?" என்றாள் வீட்டுக்காரி.

"இருங்க" என்றேன். அவளைப் போய் மரியாதையாகச் சொல்லிவிட்டேன், அந்த நிலையில் இருந்தேன்.

உள்ளங்கால் மட்டும் கிடைக்கவில்லை. பையன் எத்தனையோ விதமாகப் பார்த்தார். வலது கால் கட்டைவிரலுக்குப் போனது, தொடை இடுக்கிற்குப் போனது, இடது உள்ளங்காலுக்கு வரவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப வருதாண்ணே?"

போங்க என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. "வரல" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வியர்த்தது.

மிச்சம் இருந்தது நான்கைந்து நாள். அதற்குள் காலின் பெரும்பகுதி அமைதியாக இருந்தது. உள்ளங்கால் பழையபடி எரிந்தது. மற்ற இடமெல்லாம் வாயை மூடிக்கொண்டதால் அது தனியாகச் சத்தம் போடுகிற மாதிரி முன்பைவிட அதிகமாகக் கேட்டது.

முடிவு சொல்ல வேண்டிய நாள் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வீட்டுக்காரி பாடம் எடுத்தாள். "பாதிக்கு மேல குறைஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. வாய் நோகாது."

"முக்கால்னு ஆரம்பிங்க மாமா" என்றான் ஒட்டகம். "பேரம் பேசி அவங்க பாதிக்கு வரட்டும்."

டாக்டரம்மா நேராகக் கேட்டார். "வலி எவ்வளவு குறைஞ்சிருக்கு? பாதிக்கு மேலயா, கீழயா?"

நான் யோசித்தேன். வலியை எப்படி வெட்டிப் பார்ப்பது? நீளத்தில் வெட்டினால் முக்கால் கால் போய்விட்டது. பகல் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் பாதி. ராத்திரி போர்வைக்குள் அந்த ஒரு பாதம் எரியும்போது பார்த்தால் பாதி இல்லை. பக்கத்தில் வீட்டுக்காரியின் முழங்கை என் முழங்கையை இடித்தது. இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருந்தது. சரி என்று சொல்லி ஒரு தடவை கெடுத்துக்கொண்டேன். இப்போது இல்லை என்று சொல்லிக் கெடுத்துக்கொள்ளப் போகிறேனா என்று தெரியவில்லை.

"பாதி இல்லீங்க" என்றேன். "பாதிக்குக் கொஞ்சம் கம்மி. உள்ளங்கால் அப்படியே இருக்கு."

வீட்டுக்காரியின் கைப்பை மடியிலிருந்து விழுந்தது. "டாக்டரம்மா, இவருக்குக் கணக்கு வராது. நான் சொல்றேன்..."

டாக்டரம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "இந்த நாலஞ்சு நாள்ல என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. குனியாத, தூக்காதன்னு சொல்லியிருந்தீங்க."

"வெளிய எங்கயாவது போனீங்களா?"

"முடி வெட்டப் போனேன்."

"உக்காந்தா வெட்டினீங்க?"

உட்கார்ந்துதான். இத்தனை நாளும் சலூன்காரர் என்னை நிற்க வைத்துத்தான் வெட்டுவார். "சிலைக்கு முடி வெட்டுற மாதிரி இருக்கு, காக்கா மட்டும்தான் பாக்கி" என்பார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார முடிந்தது. கத்திரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு கேட்கவில்லை. சலூன்காரர் தோளைத் தட்டி எழுப்பினார். எனக்கு அடுத்து காத்திருந்தவர் போய்விட்டாராம். எழுப்ப மனசு வரவில்லை, குறட்டை அப்படி என்றார்.

இதைச் சொன்னேன்.

வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். "உக்காந்து தூங்கினீங்களா? அதான் அவ்ளோ நேரமா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"முடி வெட்டினதெல்லாமா வந்து சொல்வாங்க?"

"முடிய யார் கேட்டா? தூங்கினத சொல்லணும்ல! நான் இங்க ஒவ்வொரு நாளும் குறைஞ்சுதா குறைஞ்சுதான்னு கேட்டுட்டு இருக்கேன், நீங்க கடையில போய்க் குறட்டை விட்டுட்டு வந்திருக்கீங்க!"

"நீ குறைஞ்சுதான்னுதான் கேட்ட. தூங்கினீங்களான்னு கேக்கல."

"இது ஒரு பேச்சா? டேய், நீயே கேளுடா."

ஒட்டகம் முதுகெலும்பு படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா நாங்கள் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு எழுந்து, பெரிய டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று அடுத்த அறைக்குப் போனார்.

வீட்டுக்காரி கைப்பையிலிருந்து சிதறியதைப் பொறுக்கினாள். நான் குனியக் கூடாது என்பதால் காலால் ஒரு சீப்பை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை எடுத்துக்கொண்டாள், என்னைப் பார்க்கவில்லை. கதவுக்கு அப்பால் இரண்டு குரல்கள் கேட்டன. வார்த்தை புரியவில்லை. ஆண் குரல் இழுத்தது, டாக்டரம்மாவின் குரல் இழுக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "வலியோட அளவு எல்லைக்குக் கொஞ்சம் கீழதான் நிக்குது. ஆனா நாங்க அத மட்டும் பாக்கறதில்ல. என்ன செய்ய முடிஞ்சதுன்னும் பாக்கணும். வெச்சிரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். உள்ளங்காலுக்காக ஒரு கம்பிய வேற மாதிரி வெச்சுப் பாக்கறேன். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உத்தரவாதம் தர மாட்டேன்."

"சரிங்க" என்றேன்.

"இன்னொண்ணு. சுமை தூக்கறது இனிமே கிடையாது."

அது எனக்குத் தெரிந்ததுதான். ஒட்டகத்துக்கு எப்போதோ வேறு ஜோடி சேர்ந்துவிட்டது. இருந்தாலும் அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

சோதனைக் கம்பிகளை உருவித்தான் ஆக வேண்டும். வெளியே தொங்குகிற கம்பியை ரொம்ப நாள் விட்டால் சீழ் பிடித்துவிடுமாம். காயம் ஆறிய பிறகு புதிதாக வைப்பார்கள். நர்ஸ் பிளாஸ்திரியை உரித்தபோதுதான் வலித்தது. கம்பி வந்ததே தெரியவில்லை. காட்டினார். நூடுல்ஸ் மாதிரி இரண்டு. "இவ்ளோதானா?" என்றான் ஒட்டகம். பெட்டியைக் கழற்றி அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இடுப்பு இலேசாகிவிட்டது.

வராந்தாவில் நடந்து பதிவு கவுண்ட்டருக்கு வருவதற்குள் வலி திரும்பிவிட்டது. முதலில் இடுப்பில், பிறகு தொடையில், பிறகு கெண்டைக்காலில். வெளியூர் போயிருந்த வீட்டுச் சொந்தக்காரன் ஒவ்வொரு அறையாக விளக்குப் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. இத்தனை வருஷமும் இது இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. இல்லாமல் இருந்து பார்த்ததில்லை.

கவுண்ட்டரில் கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்து, அடுத்த மாதக் கடைசியில்தான் இடம் இருக்கிறது என்றார்.

"அதுக்கு முன்னாடி?" என்றாள் வீட்டுக்காரி.

"இல்லீங்களே."

"நல்லாப் பாருங்க. யாராவது வரலன்னு சொல்லியிருப்பாங்க."

"அப்படி இருந்தா நாங்களே கூப்பிடுவோம்மா."

"நீங்க கூப்பிட மாட்டீங்க. நான் இங்கயே நிக்கறேன், நீங்க பாருங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். வேறு நாளாக இருந்தால் போதும் வா, கிடைத்த தேதியை வாங்கிக்கொண்டு போகலாம் என்று அவள் முந்தானையை இழுத்திருப்பேன். கிளார்க் பெருமூச்சு விட்டு மறுபடி திரையைத் தள்ளிப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்து, இடது காலைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் இன்னும் கொஞ்சம் கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.